கீட்டோவா, கௌலர்பாவா, கஞ்சிப்பாசியா: வேலூர் வெயிலில் பவளத் தொட்டிக்கு எந்தப் பாசி?

இரண்டு மாதத்துக்கு முன்னால் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு லிட்டர் பாட்டில், அதில் வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்கிற அவருடைய தொட்டியின் தண்ணீர். "அண்ணா, இதை டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எந்தப் பாசியை வாங்கி வைக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார். சம்ப்போடு (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி, பாசி வளர்ப்பது இதில்தான்) சேர்த்து 200 லிட்டர் தொட்டி. ஒரு ஜோடி கிளவுன் மீன், இரண்டு டாம்சல், பவளத்தில் கொஞ்சம் ஜோவாந்தஸ், ஒரு லெதர் கோரல். கல்லெல்லாம் முடிப்பாசி ஏறிவிட்டது என்று போனில் படம் காட்டினார். சோதித்தேன். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.3. பவளத் தொட்டியில் நைட்ரேட் 2 முதல் 10க்குள்ளும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1க்குள்ளும் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இவருடையது இரண்டிலும் எகிறிக் கிடந்தது.

அவரிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தொட்டியில் சேரும் சத்தை உறிஞ்சுவதற்காகப் பெரும்பாசி, அதாவது கையில் பிடிக்கும் அளவுக்கு வளரும் கடல்பாசி, வளர்க்க நினைக்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எது வேகமாக வளரும்? கத்திரி வெயிலுக்கும் மின்தடைக்கும் நடுவில் தொட்டி வைத்திருக்கிற நாம் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். இந்தப் பாசி சாகும்போது எப்படிச் சாகும்? நான் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டது ஒரு மே மாதத்து விடியற்காலையில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாசிக்குப் போகும் முன் தண்ணீர். தம்பியிடம் தினமும் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் குடிக்கிற ஆர்ஓ என்றார். சமையலறையில் மாட்டுகிற பல ஆர்ஓ மெஷின்களில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். ருசிக்காக, மெம்பிரேனில் வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை மறுபடி கலந்துவிடும் ஏற்பாடு அது. குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நைட்ரேட் இருப்பது சோதித்தால்தான் தெரியும். அவர் வீட்டு ஆர்ஓ தண்ணீரை மறுநாள் சோதித்ததில் 15 பிபிஎம் நைட்ரேட் வந்தது. கோடையில் அவர் தொட்டியில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகிறது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்; அதை ஈடுகட்ட ஊற்றுவதில் ஒவ்வொரு லிட்டரிலும் 15 மில்லிகிராம் நைட்ரேட். ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், 200 லிட்டருக்கு 0.3 பிபிஎம். மாதம் 9 பிபிஎம், ஒரு மீனுக்கும் சாப்பாடு போடாமலே. இதைச் சரிசெய்யாமல் எந்தப் பாசியை வைத்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அந்தத் திருகை முழுக்க மூடி, ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாய் போட்டால் போதும்.

சரி, பாசி என்ன செய்கிறது? மீனுக்குப் போடும் சாப்பாடு கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் நிற்கிறது. பாசி அவற்றை உடம்பாக மாற்றிக்கொள்கிறது. நாம் அந்த உடம்பைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் சத்து வெளியேறுகிறது. எடுக்காத பாசி, பாத்திரம் மாறிய அதே அழுக்கு.

எவ்வளவு வெளியேறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நன்றாகப் பிழிந்த 100 கிராம் பாசியில் 90 கிராம் வரை தண்ணீர்தான். மீதி 10 கிராம் உலர்ந்த பொருளில் நைட்ரஜன் 2 முதல் 4 சதவீதம் இருக்கும், அதாவது 0.2 முதல் 0.4 கிராம். நைட்ரேட் கணக்குக்கு மாற்ற 4.4 ஆல் பெருக்கினால் 0.9 முதல் 1.8 கிராம் வரை. என் 300 லிட்டர் தொட்டிக்கு இது 3 முதல் 6 பிபிஎம். ஒரு கைப்பிடிப் பாசிக்கு இது பெரிய வேலை. அதே அளவு நைட்ரேட்டை 40இலிருந்து இறக்க 10 சதவீதத் தண்ணீர் மாற்றம் வேண்டும். 30 லிட்டர், அதற்கு ஒரு கிலோவுக்கு மேல் கடல் உப்பு. உப்பு விலை தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1983இல் அட்கின்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் கடலடித் தாவரங்களையும் பெரும்பாசிகளையும் எடுத்துப் பார்த்து, அவற்றில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் ஏறக்குறைய 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். நம் டெஸ்ட் கிட் கணக்குக்கு மாற்றினால், பாசி 20 பங்கு நைட்ரேட் எடுக்கும்போது 1 பங்கு பாஸ்பேட் எடுக்கும். தம்பியின் தொட்டியில் 40க்கு 0.3. தண்ணீரில் இருக்கும் 0.3 பாஸ்பேட்டும் தீரும் நேரத்தில் நைட்ரேட் 6தான் குறைந்திருக்கும். கல்லும் மணலும் பிடித்துவைத்திருக்கும் பாஸ்பேட் கசிந்துகொண்டே இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் தீராது என்பது வேறு. ஆனாலும் திசை தெரிகிறது. பாஸ்பேட் முதலில் தீர்ந்தால் பாசி வெளிறி நின்றுவிடும், நைட்ரேட் அங்கேயே இருக்கும். அதனால் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மீடியாவையும் பாசியையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். இரண்டு பேரும் ஒரே இலையில் கை வைப்பார்கள். நைட்ரேட் இவ்வளவு ஏறியிருந்தால் முதலில் இரண்டு மூன்று பெரிய தண்ணீர் மாற்றத்தில் பாதியாகக் குறைத்துவிட்டு, மிச்சத்தைப் பாசியிடம் விட வேண்டும்.

இப்போது ஆட்களைப் பார்ப்போம்.

கீட்டோமார்ஃபா, சுருக்கமாகக் கீட்டோ. பார்க்கிறதுக்குப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் தூண்டில் நரம்புச் சிக்கல் போல் விறைப்பாக, கொஞ்சம் கரகரவென்று. ஒரே ஒரு இழையை உருவி வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். மூங்கில் கணு போல அடுத்தடுத்து அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையும் ஒரு செல். செல்லுக்குச் செல் சுவர் உண்டு. ஒரு இழை நடுவில் அறுந்தால் இரண்டு இழைகளாக வாழும். ஒரு பக்கம் அழுகினால் அந்தப் பக்கம்தான் அழுகும். எதிலும் ஒட்டிக்கொள்ளாது, பந்தாகச் சுருண்டு மிதக்கும். அறுவடைக்கு நாள் வந்தால் பந்தைத் தூக்கிப் பாதியைப் பிய்த்து எடுக்க வேண்டியதுதான்.

நான் மாதம் இருமுறை எடுக்கிறேன். எடுத்த பந்தை உப்புத் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் நாலு தடவை உதறினால் அடியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் ஓடும். கோபிபாட்கள், ஆம்பிபாட்கள் என்ற, இறாலுக்குச் சொந்தமான பொடி உயிர்கள். இவை கீட்டோவின் சிக்கலுக்குள் குடியிருந்து பெருகி, பம்ப் வழியாக மேலே தொட்டிக்குப் போய் மீனுக்கும் பவளத்துக்கும் உயிருள்ள உணவாகின்றன. பக்கெட் தண்ணீரை வலையில் வடிகட்டி இவற்றைத் திரும்ப சம்ப்பில் விட்டுவிடுவேன். பிழிந்த பாசியை எடை போட்டு நோட்டில் எழுதுவேன். அப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, மொட்டை மாடியில் வடகம் மாதிரி பரப்பிக் காயவைத்து, முள்ளுக்கத்திரித் தொட்டிகளுக்குப் போடுகிறேன். உப்பு போக அலசாமல் போட்டால் செடி வாடிவிடும்.

கீட்டோவுக்கும் குறை உண்டு. நல்ல வெளிச்சம் கேட்கும். வெளிச்சம் குறைந்தால் பந்தின் உள்பக்கம் மஞ்சளாகி நொறுங்கும். தண்ணீர் அதை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் அடிப்பக்கம் அழுக்குத் தங்கி, அதுவே நைட்ரேட் தொழிற்சாலையாகிவிடும். இரும்புச் சத்து தீர்ந்தாலும் வளர்ச்சி நிற்கும். நொறுங்கிய துணுக்குகள் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பில் போய் அடைக்கும், அதனால் நடுவில் ஒரு வலைத் தடுப்பு வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும்.

அடுத்தது கௌலர்பா. இதன் அழகைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. திராட்சைக் குலை மாதிரி ஒன்று, பெரணி இலை மாதிரி ஒன்று, தட்டையான வாள் மாதிரி ஒன்று. மணலில் கொடி ஓடி, வேர் போலப் பிடித்து, ஒரே மாதத்தில் சம்ப்பை மூடிவிடும். சத்து உறிஞ்சும் வேகத்தில் கீட்டோவுக்குச் சளைத்ததல்ல. குறைந்த வெளிச்சத்திலும் வளரும். விலையும் மலிவு. காகிதத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் ஜெயிப்பது கௌலர்பாதான்.

நானும் அப்படித்தான் வைத்தேன். ஏழு மாதம் பிரமாதமாக வளர்ந்தது. நைட்ரேட் 5க்கு வந்துவிட்டது.

கௌலர்பாவின் உடம்பில் ஒரு விசேஷம். கொடி, இலை, வேர் எல்லாம் சேர்த்து மொத்தமும் ஒரே செல். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது, ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே குழம்பில் மிதக்கின்றன. இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டால் அந்தக் குழம்பு முழுக்க விந்தணுவாகவும் கருவணுவாகவும் மாறி ஒரே நேரத்தில் வெளியேறிவிடும். மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் கூடு. இதைத் தடுக்க 24 மணி நேரமும் விளக்கு எரியவிட வேண்டும் என்பது தொட்டி வளர்ப்பவர்கள் பழக்கத்தில் கண்டுகொண்ட வழி. நானும் எரியவிட்டேன்.

அந்த மே மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் போய் மாலை வந்தது. அன்று இரவே ஏதோ பழுதாகி மறுபடி மூன்று மணி நேரம் இல்லை. இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப் மட்டும் ஓடியது. சம்ப் விளக்கை அதில் மாட்டியிருக்கவில்லை. ஏழு மாதமாக இருட்டையே பார்க்காத பாசி, ஒரே நாளில் அவ்வளவு நேரம் இருட்டைப் பார்த்தது. தூண்டிவிட்டது அதுதான் என்று நினைக்கிறேன். மறுநாள் மாலை இலை நுனிகள் கொஞ்சம் வெளிறியிருந்தன. வெயில் போல என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலை ஐந்தரை மணிக்கு அம்மா எழுப்பினார். "தொட்டியில என்னமோ ஆகிடுச்சு, வந்து பாரு." சம்ப்பில் தண்ணீர் நீர்மோரில் கறிவேப்பிலையை அரைத்துக் கலக்கிய நிறத்தில் இருந்தது. உள்ளே கை விட்டால் விரல் தெரியவில்லை. கொடிகளைத் தூக்கினேன், கரும்பச்சையாக இருந்தவை ஈர பாலிதீன் போலத் தொங்கின. மேலே மீன்கள் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. 25 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2தான். அன்று தொட்டி 30.5இல் இருந்தது. ஏற்கெனவே குறைவு, அதில் அழுகுகிற பாசியின் பங்கு வேறு. ஏர் ஸ்டோன் இரண்டு போட்டு, அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் வைத்து, ஆக்டிவேட்டட் கார்பன் புதிதாகப் போட்டு, கையிருப்பில் இருந்த 60 லிட்டர் உப்புத் தண்ணீரையும் மாற்றினேன். இரண்டு கிளவுன்களும் பிழைத்தன. நான்கு வருடம் என்னோடு இருந்த ஃபைர்ஃபிஷ் பிழைக்கவில்லை. ஏழு மாதம் உறிஞ்சிவைத்த சத்தில் அறுவடை செய்யாத பங்கு மொத்தமும் ஒரே காலையில் தண்ணீருக்குத் திரும்பியது. நைட்ரேட் மறுபடி 30ஐத் தொட்டது.

அதனால்தான் எப்படிச் சாகும் என்று கேட்கச் சொல்கிறேன். கீட்டோ செல் செல்லாகச் சாகும். மஞ்சளாவதைப் பார்க்க உங்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கிடைக்கும். கௌலர்பா ஒரே செல், போனால் மொத்தமாகப் போகும், அதுவும் பெரும்பாலும் விடியற்காலையில். 24 மணி நேர வெளிச்சத்துக்கு உத்தரவாதம் தர முடிகிறவர்கள், சம்ப் விளக்குக்கும் பேட்டரி வைத்திருக்கிறவர்கள், வாரா வாரம் தவறாமல் களைபவர்கள் வைக்கலாம். களையும்போது கத்தரிக்கக் கூடாது. வெட்டுவாயில் உள்சாறு கசியும். கொடியை முழுசாக உருவி எடுக்க வேண்டும்.

கௌலர்பாவைப் பற்றி இன்னொன்று. 1984இல் மொனாக்கோவில் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கௌலர்பா டாக்ஸிஃபோலியா முளைத்திருப்பதைப் பார்த்தார்கள். தொட்டியிலிருந்து தப்பியது. சில ஆண்டுகளில் அது மத்தியதரைக் கடலின் அடியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவி, அங்கிருந்த கடல் புல்வெளிகளை மூடிவிட்டது. 2000இல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் அதே பாசி தெரிந்தபோது தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் செலுத்தி, ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்க 2006 ஆனது. நம் ஊரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல், பாலாற்றில் உப்புப் பாசி பிழைக்காது. ஆனாலும் களைந்த பாசியைக் காயவைத்துக் கொன்ற பிறகே வெளியே போடுங்கள். மெரினா போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

கிராசிலேரியாவுக்கு வருகிறேன். சிவப்புப் பாசி, கிளைகிளையாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். இந்த வகையில் ஒன்று நமக்குப் புதிதல்ல. ராமநாதபுரம் கரையில் கஞ்சிப்பாசி என்று சொல்வது கிராசிலேரியா எடுலிஸ். அகர் எடுக்கும் பாசிகளில் இந்த இனமும் ஒன்று. ரம்ஜான் மாதத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நோன்பு திறக்கும்போது தட்டில் நடுங்கும் கடல்பாசியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே அகர்தான்.

மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் வளர்கிற இனம் என்பதால் கஞ்சிப்பாசிக்கு வெப்பம் அவ்வளவாகப் பிரச்சினை இல்லை. கீட்டோ அளவுக்கு வேகம் கிடையாது, என் தொட்டியில் பாதி வேகம்தான். தண்ணீர் வேகமாக ஓடாவிட்டால் அதன் கிளைமேல் வேறு பாசி படிந்து மூச்சை அடைக்கும். சாகும்போது நுனி இளஞ்சிவப்பாகி, வெள்ளையாகி, மெல்ல அடிக்கு இறங்கும். எச்சரித்துவிட்டுச் சாகிற பாசி. இலை தின்னும் மீன்கள், டேங், ராபிட் மீன் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம். கடையில் வாங்கும் நோரி என்ற காய்ந்த பாசித் தாளுக்குப் பதிலாக இதையே கொடுக்கலாம். ஆனால் கணக்கில் ஏமாறக் கூடாது. சம்ப்பில் வளர்த்ததை அதே தொட்டி மீனுக்கே போட்டால் சத்து வெளியேறவில்லை, சுற்றிக்கொண்டு மட்டும் இருக்கிறது. வெளியிலிருந்து வாங்கும் தீனி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் லாபம்.

ராமேஸ்வரம் போகிறேன், கரையில் கொஞ்சம் பிய்த்து வரட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கடினப் பவளங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. என் தொட்டியில் அவற்றை வைப்பதில்லை. பாசி வேண்டுமென்றால் ஏற்கெனவே வளர்ப்பவரிடம் ஒரு கைப்பிடி கேளுங்கள். வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மிச்சம் இருக்கும்.

கடல் கீரை எனப்படும் உல்வா இரண்டு செல் கனம் மட்டுமே உள்ள மெல்லிய பச்சைத் தாள். உறிஞ்சுவதில் எல்லோரையும் முந்தும். அதே வேகத்தில் ஓரம் கிழிந்து துணுக்காகி, தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோவை அடைக்கும். சம்ப்பை தினமும் பார்க்க முடிகிறவர்களுக்கு மட்டும். ஹாலிமேடா பார்க்க அழகு, சுண்ணாம்பை உடம்பில் சேர்ப்பதால் பவளத்தோடு கால்சியத்துக்குப் போட்டி போடும். சத்து குறைக்க அதை நம்ப வேண்டாம். பிச்சாவரத்தை நினைத்துக்கொண்டு அலையாத்திக் கன்று நடுபவர்களும் இருக்கிறார்கள். வருடத்துக்கு நாலு இலை விடும் செடி மீன் சாப்பாட்டுக் கணக்கை ஈடுகட்டாது.

செடி மாதிரி பாசியே வேண்டாம் என்றால் ஆல்கி ஸ்க்ரப்பர் இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1980 வாக்கில் உருவாக்கிய முறை. சொரசொரப்பான பிளாஸ்டிக் வலைமேல் தண்ணீரை மெல்லிய திரையாக ஓடவிட்டு இரண்டு பக்கமும் பலமான விளக்கு அடித்தால் தொட்டியில் முளைக்க வேண்டிய முடிப்பாசி அங்கே முளைக்கும். வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்க வேண்டும். தினம் ஒரு கியூப் உறைந்த உணவுக்கு 12 சதுர அங்குல வலை என்று கணக்கு வைப்பார்கள். இடம் குறைவு, பலன் கெட்டி. சென்னையில் இருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இங்கே யோசிக்க வைப்பது காலை 9 மணிக்குத் தொடங்கும் அந்த மின்தடை. பம்ப் நின்றதும் வலை காற்றில் தொங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் இல்லை. மே மாத நடுப்பகலில் மணிக்கணக்கில் தொங்கினால் பாசி காய்ந்து தோல் மாதிரி உரியும். அதன் பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்ட வழியிருந்தால் தயங்காமல் வைக்கலாம்.

அதே வறண்ட காற்று இன்னொரு விதத்தில் நமக்குச் சாதகம். தண்ணீர் மட்டத்தில் சின்ன ஃபேன் ஓடவிட்டால் ஆவியாதலிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோர ஊர்களில் இந்த அளவுக்கு இறங்காது. சில்லர் வாங்கப் பணம் சேரும்வரை இது தாங்கும்.

வோட்காவோ வினிகரோ சொட்டுச் சொட்டாக விட்டுப் பாக்டீரியாவை வளர்க்கும் முறையும் உண்டு. நைட்ரேட் நன்றாக இறங்கும். ஆனால் அளவு தவறினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்னும். 30 டிகிரித் தண்ணீரில் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

கௌலர்பா தவிர எந்தப் பாசி வைத்தாலும் விளக்கு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சம்ப் விளக்கை இரவில், மேல் விளக்கு அணைந்த பிறகு எரியவிடுங்கள். இரவில் தொட்டியில் எல்லாமும் மூச்சுவிடுவதால் கார்பன் டை ஆக்சைடு கூடி பிஎச் இறங்கும். பாசி அந்த நேரத்தில் ஒளிச்சேர்க்கை செய்தால் இறக்கம் குறையும். 30 வாட் விளக்கு தினம் 14 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லுக்கு 25 யூனிட். ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போனால் பாசியும் மற்றவற்றோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். அதனால் இன்வெர்ட்டரில் முதல் இடம் தண்ணீரை அசைக்கும் பம்ப்புக்கும் ஏர் பம்ப்புக்கும்தான். கீட்டோவோ கஞ்சிப்பாசியோ ஒரு நாள் இருட்டைத் தாங்கும்.

தம்பிக்கு நான் சொன்னது கீட்டோ. பாசி தின்னும் மீன் அவரிடம் இல்லை, அதனால் கஞ்சிப்பாசிக்கு அவசியமில்லை. வீட்டில் பகலில் யாரும் இருப்பதில்லை, அதனால் உல்வாவும் ஸ்க்ரப்பரும் சரிவராது. கௌலர்பாவைக் கேட்டார், கடையில் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். அந்த மே மாதக் கதையைச் சொன்னேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

என் சம்ப்பிலிருந்து 60 கிராம் பிய்த்து, பக்கெட்டில் உதறி, தொட்டியெங்கும் பரவித் தொல்லை தரும் நீர்க்குமிழிப் பாசியோ ஐப்டேசியா என்ற சின்ன அனிமோனோ ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பிரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி கவரில் போட்டுக் கொடுத்தேன். கடையில் வாங்குகிறவர்கள் ஒரு வாரம் தனி பக்கெட்டில், விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. காட்பாடியிலிருந்து குடியாத்தம் பஸ்ஸில் ஒரு மணி நேரம், அதற்கு ஒன்றும் ஆகாது.

ஆர்ஓ திருகை மூடினார், இரண்டு வாரத்தில் மூன்று முறை 25 சதவீதத் தண்ணீர் மாற்றினார். நைட்ரேட் 20க்குக் கீழே வந்தபின் சம்ப் விளக்கைப் போட்டார். நாலாவது வாரம் போன் செய்தார். "உதறிட்டு எடை போட்டேன்ணா, 140 கிராம் வருது."

பாதியை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"இப்பதான்ணா வளர ஆரம்பிச்சிருக்கு, எடுக்க மனசே வரலை."

பாசி தொட்டியில் இருக்கும்வரை அந்த நைட்ரேட் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் காலை ஒரு படம் அனுப்பியிருந்தார். சமையலறைத் தராசில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் பிழிந்த பச்சை உருண்டை, 68 கிராம். பக்கத்தில் அவர் அம்மாவின் ரோஜாத் தொட்டி.